மகளிர் கல்லூரிக்கு ஆண்கள் வந்த வருடம்

எழில்மொழி தன் ஆசைக்கென்று முதன்முதலாக ஓடியது அந்தக் கல்லூரி மைதானத்தில்தான். அதற்கு முன் ஓடியதெல்லாம் மழைக்கும் மாட்டுக்கும் பயந்து ஓடியது. திருவிடைமருதூருக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் இருக்கும் நங்கை மகளிர் கல்லூரியில் அவளைச் சேர்க்கப்போவதாக அவள் அப்பா இராஜாங்கம் சொன்னபோது, காலனியில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்டார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிற வீட்டில், வயசுக்கு வந்த பெண்ணை மேலே படிக்க அனுப்புவதா என்று. இராஜாங்கம் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

“அங்க பூரா பொம்பளப் புள்ளைங்கதான். வாத்தியாரும் பொம்பளைங்க. சுத்தி ஆளுயரத்துக்குச் சுவரு.”

சுவர் என்றதும் கேட்டவர்கள் சமாதானமானார்கள்.

அந்தச் சுவருக்குள்தான் அவள் பாவாடையை மாற்றிக்கொண்டு டிராக் பேண்ட் போட்டாள். ஊரில் தெருவோடு வேகமாக நடந்தாலே யார் வீட்டுப் பெண் இப்படிப் போகிறாள் என்று கேட்பார்கள். இங்கே கேட்க ஆளில்லை. அவள் ஓடினாள். பல்கலைக்கழகப் போட்டியில் மெடல் வாங்கினாள். உடற்கல்வி படித்துவிட்டு, அதே கல்லூரிக்கே உடற்கல்வி இயக்குநராக வேலைக்கு வந்தாள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த ராஜ்குமாரைக் கட்டிக்கொண்டாள். நாற்பதைத் தாண்டி உடம்பு கொஞ்சம் கனத்த பிறகும் காலையில் எல்லோருக்கும் முன்னால் மைதானத்தில் நிற்பவள் அவள்தான். கபடிக்குப் பெண்களைத் தயார்பண்ணி மாநிலப் போட்டி வரை கொண்டுபோயிருந்தாள். பெண்கள் அவளை எழில் மேடம் என்றார்கள்.

கல்லூரியில் ஆண்களைச் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது ஒரு மாசி மாதத்தில். தாளாளர் குணசேகரன் ஆசிரியர்கள் எல்லோரையும் பெரிய ஹாலில் கூட்டி உட்காரவைத்தார்.

“சீட்டு பாதி காலியாக் கெடக்கு. நம்ம பக்கத்துப் பொண்ணுங்களே கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் பஸ் ஏறுது. பசங்களையும் சேத்தாத்தான் காலேஜ் நிக்கும். நீங்க என்ன சொல்றீங்க?”

கம்ப்யூட்டர் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஷோபனா முதலில் எழுந்தாள். “சேக்கணும் சார். நம்ம பொண்ணுங்க இண்டர்வியூவுல எதிர்ல ஒரு ஆம்பளை உக்காந்திருந்தா தலையைத் தூக்க மாட்டேங்குறாங்க. வேலைக்குப் போற எடத்துலயும் சுவரு கட்டிக் குடுப்பாங்களா?”

வரலாற்றுத் துறை கமருன்னிஸா ஓய்வுபெற இன்னும் சில வருடங்களே இருந்தவர். அவர் தலையை ஆட்டினார். “நீ சொல்றது சரிம்மா. ஆனா எங்க தெருவுலேர்ந்து பொண்ணுங்களை இங்க அனுப்புறது வாசல்ல இருக்கிற போர்டைப் பாத்துத்தான். போர்டு மாறுனா அந்தப் புள்ளைங்க வேற காலேஜுக்குப் போவாதுங்க. வீட்டுல உக்காந்துடும்.”

எழில்மொழிக்கு இரண்டு பேச்சுமே சரியாகப் பட்டது. அவளையே எடுத்துக்கொண்டால், அந்தச் சுவர் இல்லையென்றால் அவள் படித்திருக்கவே மாட்டாள். அதற்காக எல்லாப் பெண்களும் எல்லாக் காலத்துக்கும் சுவருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. குணசேகரன் அவள் பக்கம் திரும்பினார்.

“பசங்களைப் பத்தி எனக்குப் பயமில்லீங்க சார்” என்றாள். “அவங்க உள்ள வந்தப்புறம் வெளிய யாரு வந்து நிப்பாங்கங்கிறதுதான் யோசனையா இருக்கு.”

“அதுக்குத்தான் கேமரா போடப் போறோம்” என்று குணசேகரன் சிரித்தார். கூட்டம் அத்துடன் முடிந்தது. அவர் முன்பே முடிவெடுத்துவிட்டுத்தான் கூட்டியிருந்தார் என்பது வாசலில் ஏணியோடு நின்ற பெயிண்டரைப் பார்த்தபோது தெரிந்தது.

ஆனி பிறந்து வாய்க்கால்களில் தண்ணீர் வந்த சமயத்தில் பையன்களும் வந்தார்கள். எல்லோரும் பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. பெண்களைவிடப் பையன்கள்தான் அதிகம் கூச்சப்பட்டார்கள். கடைசி பெஞ்சில் ஒருவரோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்தார்கள். கேண்டீனில் டீ வாங்கப் பெண்கள் நின்றால், அவர்கள் நகரும்வரை மரத்தடியிலேயே நின்றார்கள். எழில்மொழிக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அவர்களில் சேரன் என்றொருவன். மெலிந்த பையன், நெடுந்தூரம் ஓடுவான். அவன் அப்பா அரசப்பன் அவளுடைய பக்கத்து ஊர்க் காலனிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். அவனுக்குக் காலை ஓட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

பயப்படவேண்டியது பெற்றோர் கூட்டத்தில் தலைகாட்டியது. வெள்ளை வேட்டி சட்டையில் மருதையன் எழுந்து நின்றார். வாய்க்கால் பாசனத்தில் நல்ல நிலபுலன் உள்ளவர். கபடி அணியில் முதல் ரெய்டரான குந்தவைக்குப் பெரியப்பா. குந்தவையின் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்ததால் பெண்ணுக்கு எல்லாம் பெரியப்பாதான்.

“நாங்க ஒண்ணும் பழைய காலத்து ஆளுங்க இல்ல” என்று அமைதியாக ஆரம்பித்தார். “பசங்க படிக்கட்டும். எங்க புள்ளைங்க மேல ஒரு கண்ணு வச்சுக்குங்க, அது போதும். ஏதாவதுன்னா எங்களுக்கு உடனே தெரியணும். யார்கிட்ட கேக்கலாம்?”

குணசேகரன் கொஞ்சமும் யோசிக்காமல் எழில்மொழியைக் கைகாட்டினார். அவளுடைய செல் நம்பர் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போனது.

ஆரம்பத்தில் அம்மாக்கள் கூப்பிட்டார்கள். பெண் வந்துவிட்டாளா, சாப்பிட்டாளா என்று. பிறகு அண்ணன்கள், மாமன்கள். வகுப்பில் பெண்ணுக்குப் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், பஸ்ஸில் யார் கூட வந்தாள் என்றார்கள். ஒருநாள் பெயர் சொல்லாத ஒருவன் கேட்டான்: “சேரன்னு ஒரு பையன் இருக்கானே, அவன் எந்தத் தெரு?”

இந்தக் கேள்வியின் அர்த்தம் எழில்மொழிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அவன் காலேஜ் ஸ்டூடண்ட். அதுக்கு மேல என்ன வேணும்?”

“இல்ல, சும்மாதான்” என்று போனை வைத்துவிட்டான்.

அந்த வாரத்திலிருந்து கல்லூரிக்கு எதிரில் டீக்கடை ஓரமாக மோட்டார் சைக்கிள்கள் நிற்க ஆரம்பித்தன. ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் யாரையும் கிண்டல் பண்ணவில்லை, விசிலடிக்கவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் விரட்டியிருக்கலாம். அவர்கள் உள்ளே யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். பெண்கள் டிராக் பேண்டுக்கு மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வந்தார்கள். கழற்றச் சொன்னால் கழற்றினார்கள். மறுநாள் மறுபடி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

“நம்பரை மாத்திடு” என்றார் ராஜ்குமார்.

“மாத்தினா வேற யாருக்காவது போன் போகும். அவங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிடுவாங்க.”

ராஜ்குமார் மறுநாளிலிருந்து அவள் வீடு திரும்பும் நேரத்துக்குத் தெருமுனையில் வந்து நின்றார்.

சம்பா நடவு முடிந்து பயிர் பச்சைபிடித்திருந்த ஐப்பசியில் அது நடந்தது. மைதானம் சேறாக இருந்தது. குந்தவை ரெய்டு போய்த் திரும்பும்போது கால் பிசகி விழுந்தாள். கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. எழில்மொழி ஒரு பக்கம் தோள் கொடுத்துத் தூக்கினாள். தனியாக முடியவில்லை. ஓடிக்கொண்டிருந்த சேரனைக் கூப்பிட்டாள்.

“டேய், அந்தப் பக்கம் பிடிடா. அழுத்திப் பிடி, பயப்படாத.”

அவன் தயங்கித்தான் பிடித்தான். இருவருமாக அவளை ஓய்வறை வரை நடத்திக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான்.

சாயங்காலம் அந்தப் படம் எழில்மொழியின் போனுக்கும் வந்தது. சுவருக்கு வெளியிலிருந்து யாரோ எடுத்திருந்தார்கள். குந்தவையின் கை சேரனின் கழுத்தைச் சுற்றி இருந்தது, அவன் கை அவள் இடுப்பில். வலியில் அவள் பல்லைக் கடித்திருந்தது சிரிப்பதுபோல் தெரிந்தது. மறுபக்கம் தாங்கிப் பிடித்திருந்த எழில்மொழி படத்தில் இல்லை. அவளை மட்டும் வெட்டியிருந்தார்கள். அவள் தோளில் கிடந்த குந்தவையின் இன்னொரு கை, முழங்கையோடு முடிந்துபோயிருந்தது.

குந்தவை அதன்பின் கல்லூரிக்கு வரவில்லை. மருதையன்தான் வந்தார். முதல்வர் மங்களாம்பிகையின் அறையில், குணசேகரனுக்கு எதிரில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் பேசினார்.

“அந்தப் பையனை என்ன பண்ணப் போறீங்க?”

“டி.சி. குடுத்து அனுப்பிடலாம். பெரிசு பண்ணிக்காதீங்க” என்றார் குணசேகரன்.

கூடவே கூப்பிட்டிருந்த எழில்மொழி ஓரத்து நாற்காலியிலிருந்து எழுந்தாள். “அந்தப் பொண்ணை இந்தப் பக்கம் பிடிச்சிருந்தது நான். அவனைப் பிடிக்கச் சொன்னதும் நான்தாங்க. படத்துல என்னை வெட்டிட்டாங்க. டி.சி. குடுக்கிறதுன்னா எனக்குக் குடுங்க.”

மருதையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. “நீங்க இராஜாங்கம் பொண்ணுதானே?” என்றார். “உங்கப்பா எங்க வயல்ல நடவு நட்டிருக்காரு. நல்ல மனுஷன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாரு.” எழுந்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். டி.சி. பேச்சு அப்போதைக்கு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை எழில்மொழி குந்தவையின் வீட்டுக்குப் போனாள். மொசைக் தரை போட்ட கூடத்தில் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். மருதையனுக்கு வெள்ளி டம்ளரில் காபி வந்தது. அவளுக்குக் காகிதக் கப்பில் வந்தது. வாங்கிக் கீழே வைத்தாள். குந்தவையை அவள் அம்மா தாங்கிக்கொண்டு வந்தாள். காலில் கட்டு இருந்தது. கன்னத்தில் ஒரு பக்கம் நிறம் மாறியிருந்தது. அது மைதானத்தில் பட்ட அடியில்லை.

“எப்படிம்மா இருக்கே?”

“நல்லாருக்கேன் மேடம்.”

“காலேஜுக்கு வர்றியா?”

குந்தவை பெரியப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. “டோர்னமெண்ட்டுக்கு யாரு மேடம் ரெய்டு போறா?” என்று மட்டும் கேட்டாள்.

“தை மாசமே கல்யாணம் வைக்கிறதாத்தான் பேசினோம்” என்றார் மருதையன். “இவ கடைசிப் பரீட்சை எழுதட்டும்னு மாப்பிள்ளை பிரியப்படுறாரு. அதனால வைகாசிக்குத் தள்ளிப்போட்டிருக்கோம். பரீட்சைக்கு மட்டும் அனுப்புவோம். கார்லயே வரும், கார்லயே போகும்.”

திரும்பும் வழியில் எழில்மொழி அரசப்பன் வீட்டில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். பையனைக் கொஞ்ச நாளைக்கு நாகப்பட்டினத்தில் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைக்கச் சொன்னாள்.

அரசப்பன் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “நீ சொல்றது புரியுது தங்கச்சி. ஆனா எதுக்கு அனுப்பணும்? எங்கப்பா காலத்துலதான் பயந்துக்கிட்டு ஊரை விட்டு ஊரு போனோம். இவன் என்ன தப்புப் பண்ணினான்? கால் பிசகுன புள்ளையைத் தூக்கிவிட்டான்.”

சேரனும் போகமாட்டேன் என்றான். எழில்மொழியால் அவர்களை வற்புறுத்த முடியவில்லை. அவர்கள் சொன்னது நியாயம். அந்த நியாயத்துக்குத்தான் அவள் பயந்தாள்.

அறுப்பு மெஷின்கள் வயல்களில் இறங்கியிருந்த சமயம். சேரன் சைக்கிளில் ஆற்றங்கரைச் சாலையில் கல்லூரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். எதிரே வந்த நெல் மூட்டை மினி லாரி, அகலமான சாலையை விட்டு அவன் பக்கமாக ஒதுங்கி வந்து இடித்து, அவனை வாய்க்காலில் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. நம்பர் பிளேட்டில் சேறு அப்பியிருந்ததாகக் களத்தில் நின்ற பெண்கள் சொன்னார்கள். உயிர் பிழைத்தான். இடது தொடை எலும்பு நொறுங்கிப்போனது. போலீஸில் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். எழில்மொழி ஆஸ்பத்திரியில் அவன் கட்டில் அருகே நின்றபோது அவன் கேட்டது ஒன்றுதான்.

“திரும்ப ஓட முடியுமா மேடம்?”

“முடியும்” என்றாள். முடியுமா என்று டாக்டருக்கே தெரியாது.

பரீட்சை தொடங்கியது. மருதையனின் கார் கல்லூரி வாசலிலேயே நின்றது. குந்தவை இறங்குவாள், எழுதுவாள், ஏறிப் போவாள். யாரிடமும் பேசமாட்டாள். எழில்மொழி அத்தனை பரீட்சைக்கும் அவள் எழுதும் ஹாலிலேயே கண்காணிப்பு வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். பேச முடியாவிட்டாலும் கண்ணில் படும்படி நிற்கலாம் என்று நினைத்தாள்.

கடைசிப் பரீட்சை அன்று விடைத்தாளைக் கொடுக்க வந்த குந்தவை நகரவில்லை.

“மேடம், அந்த மினி லாரி யாரோடதுன்னு எனக்குத் தெரியும்” என்றாள். “ஓட்டினது யாருன்னும் தெரியும். எங்க வீட்டு மாட்டுக்கொட்டகையில வச்சுத்தான் பேசுனாங்க. பெரியப்பா பேசுறதை நான் கேட்டேன்.”

“இதைச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா?”

“வீட்டுல எல்லாரும் சாதாரணமாச் சாப்பிடுறாங்க மேடம். என்னால முடியல. இன்னிக்குக் கார்ல ஏறிட்டேன்னா அப்புறம் நான் சொல்லவே மாட்டேன்.”

எழில்மொழி அவளை முதல்வர் அறைக்குக் கூட்டிப் போனாள். மங்களாம்பிகை எதற்கும் தாளாளர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார் என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கைப்பையை எடுத்தார்.

“ஸ்கூட்டர்ல போகாதீங்க. என் கார்ல போலாம். நான் ஓட்டுறேன்.”

வாசலில் மருதையனின் டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். மங்களாம்பிகை அவன் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, ஹாரன்கூட அடிக்காமல் வளைந்து வெளியே வந்தார். தஞ்சாவூருக்குப் பாதி வழியில் எழில்மொழியின் போன் அடிக்க ஆரம்பித்தது. நின்று நின்று அடித்துக்கொண்டே இருந்தது. எஸ்.பி. அலுவலகத்தில் குந்தவை தெரிந்ததைச் சொன்னாள். பிறகு மாஜிஸ்ட்ரேட் முன்னாலும் சொன்னாள். லாரி டிரைவரையும் மருதையனையும் கைது செய்தார்கள். குந்தவை வீட்டுக்குப் போக மறுத்தாள். அவள் இருக்கும் ஊர் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

வைகாசியில் குணசேகரன் மறுபடியும் கூட்டம் போட்டார். இனிமேல் பையன்களே வேண்டாம், பழையபடி மகளிர் கல்லூரியாகவே இருக்கட்டும், இப்போது இருக்கிற பையன்களையும் வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாம் என்றார். சேரனின் டி.சி. தயாராகவே இருந்தது.

“நீங்கதானே முதல்லேயே வேண்டாம்னீங்க” என்று எழில்மொழியைப் பார்த்தார்.

“நான் வேண்டாம்னு சொல்லவே இல்லீங்க சார்” என்றாள். “புதுசா சேக்குறதும் சேக்காததும் உங்க இஷ்டம். அவனை அனுப்புனீங்கன்னா, அடிச்சவங்க கேட்டதை நாமளே செஞ்சு குடுத்த மாதிரி ஆயிடும். அவன் இங்கதான் படிச்சு முடிக்கணும்.”

ஷோபனா அவள் பக்கம் பேசினாள். கமருன்னிஸாவும், “அந்தப் புள்ளை இருக்கட்டும் சார்” என்றார். மங்களாம்பிகை தாளாளரின் முகத்தைப் பார்க்காமல் டி.சி.யை எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். புதிய சேர்க்கை இல்லை, வந்த பையன்கள் மட்டும் படித்து முடிக்கலாம் என்று முடிவானது.

சேரன் அக்குள்கட்டை ஊன்றிக்கொண்டு வந்தான். அடுத்த வருடம் கட்டையில்லாமல் நடந்தான். மருதையனின் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த பெண்களில் அநேகம் பேர் நின்றுபோனார்கள். அவர்களைத் தேடி எழில்மொழி வீடு வீடாகப் போனாள். சில வீடுகளில் கதவைத் திறந்தார்கள். கபடி அணிக்கு ஆள் சேர அந்த வருடம் முழுக்கப் பிடித்தது.

வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. மருதையன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். இப்போதெல்லாம் சாயங்காலம் அவரே எதிர் டீக்கடையில் வந்து உட்காருகிறார். வெள்ளை வேட்டி கசங்காமல், யாரோடும் பேசாமல். எழில்மொழி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் எழுந்து நின்று கும்பிடுகிறார்.

போன வாரம் சாலையைக் கடந்து பக்கத்திலேயே வந்துவிட்டார்.

“அந்தப் புள்ளை எந்த ஊர்ல இருக்கு டீச்சரம்மா? அவ அம்மா சரியாச் சாப்பிட மாட்டேங்குறா. எங்களுக்குக் கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

எழில்மொழி அவர் முகத்தைப் பார்த்தாள். உண்மையிலேயே கவலைப்படுகிற முகம்போலத்தான் இருந்தது. வண்டியைக் கிளப்பி, வீட்டுக்குப் போகும் பாதையில் திரும்பாமல், பின்னால் யாராவது வருகிறார்களா என்று கண்ணாடியில் பார்த்தபடி கும்பகோணம் சாலையில் பஸ்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனாள்.